காலரக்காவின் இரண்டு முன்பற்கள்

எட்டு மில்லிமீட்டர். காலரக்காவின் கீழ்வரிசை முன்பற்கள் இரண்டையும் விட்டு ஈறு அவ்வளவு ஆழத்துக்கு விலகியிருந்தது. பற்களைத் தாங்கும் எலும்பில் பாதி கரைந்துவிட்டது.

சீருடை தைக்கும் கூடத்தில் இருபத்தாறு வருடமாகக் காலர் மட்டுமே தைப்பவர். அதனால்தான் அந்தப் பெயர். பல் தேய்க்கும்போது வந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு வேலைக்கு ஓடியே பல வருடம் போனது. முதலில் பார்த்த மருத்துவர், "ரெண்டையும் பிடுங்கிடலாம்" என்றார். இருபது மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும் சிரிப்பு காலரக்காவுடையது. பொக்கைவாயோடு எப்படிச் சிரிப்பது? வீட்டுக்கு வந்து அழுதார்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா வேறு வழி சொன்னார். ஈறைத் திறந்து, உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்து, பள்ளத்தில் எலும்புக்குப் பதிலாக ஒரு துகளை நிரப்பித் தைப்பது.

"யாரோட எலும்பு டாக்டரம்மா?"

"யாரோடதும் இல்லைம்மா. எலும்புல இருக்கற சுண்ணாம்புச் சத்தை வச்சுச் செஞ்சது."

"ஓ, காலருக்குள்ள வைக்கற கான்வாஸ் மாதிரி."

"கான்வாஸ் அப்படியே இருக்கும். இது மெல்ல மெல்லக் கரையும், உங்க எலும்பு அந்த இடத்தைப் பிடிக்கும். ஆனா ஆறு வாரத்துக்கு முன்பல்லால எதையும் கடிக்கக் கூடாது."

"கரைச்சுக் குடிச்சே காலம் தள்ளிடறேன்!"

அறுவை முடிந்து ஒன்பது நாள் வாக்கைக் காப்பாற்றினார். பத்தாம் நாள், காலர் முனையைத் தைத்து முடித்ததும் கை தன்பாட்டில் நூலை வாய்க்குக் கொண்டுபோனது. கத்தரி மடியிலேயே கிடந்தது. கத்தரியைத் தேடும் நேரத்தில் பல்லால் இரண்டு நூலை வெட்டிவிடலாம் என்பது அந்தக் கூடத்தின் பாடம். நறுக். வாயெல்லாம் ரத்தம் கரித்தது.

போட்டது போட்டபடி ஓடினார். ஒரு தையல் பிரிந்திருந்தது, துகள் கொஞ்சம்தான் போயிருந்தது. டாக்டரம்மா திட்டாமல் மறுபடி தைத்து அனுப்பினார்.

திட்டும் வேலையைக் கூடத்தில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் எடுத்துக்கொண்டார். "ஏன்க்கா, உங்க நாக்குக்குத்தான் பூட்டுப் போட முடியாது, பல்லுக்காவது போடறேன்" என்று மிச்சத் துணியில் ஒரு முகமூடி வெட்டி நீட்டினார். அன்றிலிருந்து நூல் மேலே போகும், துணியில் முட்டும், கீழே இறங்கும். பக்கத்து மிஷின்காரி விடமாட்டாள்: "அக்கா, கதவு சாத்தியிருக்கு!" ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது கதவு சாத்தியிருந்தது.

ஆறு மாதம் கழித்து எக்ஸ்ரேயில் பள்ளம் பெரும்பாலும் நிறைந்து தெரிந்தது. பல் அசையவில்லை. காலரக்கா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து நேராகக் கூடத்துக்கு வந்தார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாத்துக்கங்க. தச்சது அவங்க, காவல் காத்தது நீங்க. உங்க எல்லாருக்கும் கோடிப் புண்ணியம்."

"புண்ணியம் இருக்கட்டும், நூறு காலர் பாக்கி இருக்கு" என்றார் மாஸ்டர். காலரக்கா சிரித்த சிரிப்பில் மிஷின்கள் நின்றன.

இடது கடைவாய்ப்பல் ஒன்றிலும் ஈறு ஆழமாக விலகியிருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அதற்கு அறுவை.