அலாசியின் இரண்டு வருஷம்

முப்பத்தைந்து வருஷம் கேட்டுக் கேட்டு வாய் வலித்த பிறகு, ‘விருப்பமுள்ளவர்கள் சொந்த ஊர் திரும்பலாம், விமானச் செலவு அரசாங்கத்தினுடையது’ என்று கடிதம் வந்தது. அலாசிக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது, புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டான். பெருமூச்சு விட்டுக்கொண்டே பெட்டி கட்ட உட்கார்ந்தாள்.

1953இல் சொந்த ஊரான இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றியபோது அரசாங்கத்து ஆள் தேனொழுகப் பேசினான். வடக்கே துருவத்துப் பக்கம் வேட்டைக்குப் பஞ்சமே இல்லையாம், பிடிக்காவிட்டால் இரண்டே வருஷத்தில் திரும்பிவிடலாமாம். அலாசியின் அம்மா பாசாவுக்கு ஓயாத இருமல், அவளைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். “ரெண்டே வருஷந்தான்மா, வந்துடுவேன்” என்று அலாசி அந்தப் பொய்யை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தாள். பொய்யென்று அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்!

இறக்கிவிட்ட இடத்தில் கல்லும் பனியும்தான். டீ கொதிக்க வைக்கச் சுள்ளி கிடையாது, பறித்துத் தின்ன ஒரு பழம் கிடையாது. குளிர்காலத்தில் மூன்று மாதம் சூரியனே எட்டிப் பார்க்காது. முதல் குளிர்காலத்தைக் கூடாரத்திலேயே கழித்தார்கள். திரும்பிப் போகிறோம் என்றால், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள்.

நாலாம் வருஷக் கப்பல் அம்மா செத்த செய்தியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கோடையிலும் கப்பல் வரும்போதெல்லாம் கரைக்கு வந்து நின்றாளாம். அதே மாதம் அலாசிக்குப் பெண் பிறந்தது. அம்மா பெயரையே வைத்தாள். அவர்கள் வழக்கப்படி பெயர் வந்தால் செத்த ஆளே திரும்பி வந்த மாதிரிதான். “நான் வரலேன்னு நீயே வந்துட்டியாம்மா, இந்தக் குளிர்ல?” என்று குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து மகளை ஒரு நாளும் அதட்டியதில்லை. வேட்டையாடிய கடல்நாயை அறுத்தால் ஈரலில் முதல் துண்டு அவளுக்குத்தான். அலாசி மகளை ‘அம்மா’ என்பாள், மகள் அவளை ‘மகளே’ என்பாள்.

அந்தப் பாசாவுக்கு இப்போது முப்பது வயது, மூன்று பிள்ளைகள். பெட்டி மூடாமல் திமிறியதால் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“எவ்வளவுதான் அடைப்பே, மகளே? அங்க துணியே கிடைக்காதா?”

“நீயும் வாயேம்மா. அது உன் ஊரு.”

“நான் கண்ணாலகூடப் பாத்ததில்லயே! எம் பிள்ளைங்களுக்கு இதான் ஊரு.”

“உன்னைப் புதைச்ச இடமே அங்கதான இருக்கு!” என்று அலாசி எரிந்து விழுந்தாள். பிறகு இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, போயிட்டு எப்ப வருவே?”

“ரெண்டு வருஷத்துல வந்துடுவேம்மா.” யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது.

“போன தடவையும் இதையேதான சொன்னே, மகளே?”

பாசா விளையாட்டாகத்தான் கேட்டாள். அலாசி பெட்டியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் விமானம் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அலாசி துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினாள்.