தல்லாகுளத்தில் ஒரு அறை

காலை பத்து நாற்பதுக்கு என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நான் அப்போது மதுரை ஆனையூரில், எங்கள் தெருமுனை மண்டபத்தில், ஜமுக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே டி. கல்லுப்பட்டியிலிருந்து வேனில் வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார். நடுவே தட்டுகள். என் இளைய மகளுக்கு நிச்சயம். அழைத்தது மூத்த மகள்.

எடுத்தேன். "அப்பா, ரூம் இல்லங்கிறாங்க" என்றாள். பின்னால் குழந்தை அழுதது.

பக்கத்தில் என் அண்ணன் இருந்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, "இப்பப் பேச முடியாது. அங்கனயே செத்த நேரம் உக்காரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். "யாரு?" என்றார் அண்ணன். "ஆபீஸ்" என்றேன். "ஞாயித்துக்கெழமையுமா ஒன்ன விட மாட்டேங்கிறாங்க?" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூத்தவள் தானே ஒருவனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூருக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. அவள் என் வீட்டுப் படி ஏறினால், அதற்குப் பிறகு தான் அந்தப் படி ஏறப்போவதில்லை என்று அண்ணன் சொல்லியிருந்தார். நான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. பேத்தி பிறந்தபோதும் சொல்லவில்லை. பேத்தியைப் போனில் மட்டுமே பார்த்திருந்தேன்.

நிச்சயத் தேதி குறித்ததும் இளையவள் என்னிடம் வந்து நின்றாள். "அக்கா இந்த ஊருக்குள்ள இருந்தாப் போதும்ப்பா. மண்டபத்துக்கு வராட்டியும் பரவாயில்ல." மூத்தவளிடம் பேசினேன். "வீட்டுக்கே வரட்டாப்பா?" என்று கேட்டாள். "பெரியப்பா இருப்பாரும்மா" என்றேன். பிறகு அவளே, "சரி, ரூம் போடுங்க" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் கிளம்பியதும் நானும் என் மனைவியும் போய்ப் பார்ப்பது என்று ஏற்பாடு.

வீட்டிலிருந்து சீக்கிரம் போய்வர வசதி தல்லாகுளம்தான், ஆனால் அங்கே நேரில் போய் அறை கேட்க எனக்குத் தைரியமில்லை. பக்கத்தில்தான் என் அலுவலகம். எந்த லாட்ஜில் நுழைந்தாலும் தெரிந்த முகம் ஒன்று இருக்கும், யாருக்கு ரூம் என்று கேட்கும். உடன் வேலை பார்ப்பவர் ஒரு இணையதளத்தைக் காட்டினார். ஏரியாவையும் எப்படிப்பட்ட விடுதி என்பதையும் குறித்துவிட்டு, நாமே ஒரு விலை கேட்கலாம். யாராவது ஒத்துக்கொண்டால் பணம் உடனே போய்விடும். அதற்குப் பிறகுதான் விடுதியின் பெயர் தெரியும். ரத்து செய்ய முடியாது. யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

மார்க்கெட்டில் எதைக் கேட்டாலும் பாதி விலையில் ஆரம்பிக்கிற கை என் கை. இங்கேயும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இந்த விலைக்கு யாரும் முன்வரவில்லை என்று வந்தது. ஒரு நாளைக்கு ஒரு முறைதான் கேட்கலாம். மறுநாள் ஐம்பது ரூபாய் ஏற்றினேன். அதற்கடுத்த நாள் இன்னொரு ஐம்பது. மகள் தினமும், "கெடச்சுச்சாப்பா?" என்று கேட்டாள். "பொறு, எறங்கி வருவான்" என்றேன். நான்காம் நாள் கிடைத்தது. தல்லாகுளத்திலேயே ஒரு சந்துக்குள் இருந்த விடுதி. நான் என்னவோ சாதித்துவிட்ட மாதிரி மனைவியிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "பெத்த மகளுக்கு ரூம் போடுறதுலயும் பேரமா?" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுக் கிளம்ப ஒன்றரை ஆகிவிட்டது. அதற்குள் மூன்று முறை அழைத்தேன், மகள் எடுக்கவில்லை. மனைவியால் பந்தியை விட்டு வர முடியவில்லை. தூக்குவாளியில் கேசரியும் சோறும் போட்டுக் கொடுத்து, "கையோட கூட்டிட்டு வாங்க" என்றாள். எங்கே என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டியை எடுத்தேன்.

விடுதியின் வரவேற்பில் இருந்தவர் போனில் கத்திக்கொண்டிருந்தார். "மாப்ள, ஏசி ஓடலேன்னா ஃபேனப் போட்டுக்கிடச் சொல்லு. நான் என்ன ஊட்டியையா தூக்கியாந்து வைக்க முடியும்?" வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பதிவைக் காட்டினேன்.

"அந்தக் கைப்புள்ளக்காரப் பொண்ணா சார்? லோக்கல் அட்ரஸ் போட்ட கார்டுக்கு நாங்க ரூம் குடுக்கிறதில்ல. மதுரையில வீட்ட வச்சுக்கிட்டு மதுரையிலயே ரூம் கேட்டா, நாளைக்கி எதாச்சும் ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? அதுவும் தனியா வந்திருக்கு."

"அவ கோயம்புத்தூர்லருந்து வந்திருக்காண்ணே."

"கார்டுல ஆனையூர்னு இருக்கே சார். பக்கத்துலதான வீடு, அங்க போகலாம்லம்மான்னு கேட்டேன். கார்ட வாங்கிப் பர்சுல வச்சுக்கிட்டுச்சு."

நான்கு வருடமாக அவள் முகவரியை மாற்றவில்லை. எனக்குத் தெரியாது.

என் பெயரில் கொடுங்கள் என்று என் அட்டையை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் எதையோ பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். "அதே அட்ரஸ்தான் சார்" என்றார். பிறகு என் கையில் இருந்த தூக்குவாளியைப் பார்த்தார். "பைய இங்கன வச்சுட்டுப் புள்ளைக்குப் பால் வாங்கப் போயிருக்கு. வந்துரும், உக்காருங்க" என்று மட்டும் சொன்னார்.

உட்கார்ந்தேன். போனில் அந்த இணையதளத்தைத் திறந்து கடைசி வரை படித்தேன். அடியில், சின்ன எழுத்தில், உள்ளூர் முகவரி உள்ள அடையாள அட்டை ஏற்கப்படாது என்று இருந்தது. அலுவலகத்தில் என் வேலையே மனுக்களைச் சரிபார்ப்பதுதான். முகவரிச் சான்று பொருந்தவில்லை என்று எழுதி எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அடுத்தவர் காகிதத்தில் ஒரு வரியையும் விட்டதில்லை.

எதிரே நாற்காலியில் அவள் பை இருந்தது. மேலே, இளையவளுக்காக வாங்கியிருப்பாள் போல, பட்டுத்துணி ஒட்டிய ஒரு சின்ன டப்பா.

இரண்டு மணி வாக்கில் அவள் வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் எழுந்தேன். பேத்தியின் உள்ளங்காலைத் தொட்டேன். சுட்டது.

மகள் என்னைப் பார்த்தபடி நின்றாள். எதற்காக நின்றாள் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு வார்த்தை. வண்டி வெளியேதான் நின்றது. இருபது நிமிடத்தில் வீடு. ஆனால் என் வாயில் வந்தது, "வேற லாட்ஜுல கேட்டுப் பாக்குறேன்மா. இப்பவே போன்ல பாக்குறேன்" என்பதுதான்.

அவள் அந்த டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள். "தங்கச்சிக்கிட்ட குடுத்துருங்க." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். தூக்குவாளியை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

"வேற எங்கயும் கேக்க வேணாம்ப்பா. மூணு மணி பஸ்ஸுக்குப் போறேன்" என்றாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை.

"அட்ரஸ மாத்திக்கிறேன்ப்பா. அடுத்த தடவ ரூம் குடுத்துருவாங்க."