விளக்குக் கம்பத்துக் கூடு

மான்மவுத் ஜங்ஷன் என்ற இந்த அமெரிக்கச் சிற்றூரில் என் அபார்ட்மென்ட்டுக்கு எதிரே இருக்கும் மைதானத்தில்தான் எங்கள் கிரிக்கெட் டீம் ஆடும். எல்லாரும் ஐ.டி. ஆட்கள். ஆபீஸ் முடித்து, பிள்ளைகளை டேகேரிலிருந்து கூட்டிவந்து வீட்டில் விட்டுவிட்டு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். விளக்கு இல்லாமல் ஆட முடியாது. எனக்குப் பிள்ளையும் இல்லை, குடும்பமும் இல்லை. இந்த ஊரில் என்னை மச்சி என்று கூப்பிட இவர்களை விட்டால் ஆள் கிடையாது.

இந்த வசந்தத்தில் விளக்குக் கம்பத்தின் உச்சியில், பல்புகளுக்கு நடுவே, ஒரு ஜோடி விரால் அடிப்பான் கூடு கட்டியது. மீன் பிடித்துத் தின்னும் பெரிய பறவை, ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே. குச்சி, பிளாஸ்டிக் கயிறு, போதாததற்கு எங்கள் பேட்டிங் கிளவுஸ் ஒன்று. பல்பு சூட்டில் கூடு பற்றிக்கொள்ளும் என்று டவுன்ஷிப் நிர்வாகம் விளக்கை அணைத்துவிட்டது. குஞ்சுகள் பறக்கும்வரை கம்பத்தைத் தொடக்கூடாது. வாரந்தோறும் பார்த்துச் சொல்ல ஒரு வாலண்டியர் வேண்டும் என்றார்கள். கேப்டன் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டான்.

"உன் வீடு எதிர்லதான இருக்கு. நம்ம ஆளே இருந்தா சேஃப்டா மச்சி."

எதற்கு சேஃப் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கோடை முழுக்க, நாள் பூரா மானிட்டரைப் பார்த்த கண்ணால் இரவல் டெலஸ்கோப்பில் கூட்டைப் பார்த்தேன். கழுத்து வலி, கொசுக்கடி. மூன்று குஞ்சுகளில் இரண்டு பறந்தன. கடைக்குட்டி கண்ணிலேயே படவில்லை. பயந்தால் குஞ்சுகள் கூட்டோடு கூடாக ஒட்டிப் படுத்துவிடும், கீழிருந்து ஒன்றும் தெரியாது.

கேப்டன் பார்க்கிங் லாட்டில் என்னைப் பிடித்தான்.

"டோர்னமென்ட் வருதுடா. கூடு எம்ப்டின்னு மெயில் போட்டுடு. கிரேன் வெச்சு க்ளியர் பண்ணிடுவாங்க."

"ஒண்ணு உள்ள இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியலடா."

"தெரியலல்ல? அப்ப எம்ப்டிதான். உன்னை எதுக்குடா அங்க போட்டோம்?"

அன்று நெடுநேரம் பார்த்தேன். ஒரு அசைவும் இல்லை. செத்திருந்தால் தேவலை என்று நினைத்தேன், பொய் சொல்வானேன். அப்போது அப்பா பறவை மீனோடு வந்து இறங்க, குச்சிகளுக்குள்ளிருந்து ஒரு சின்னத் தலை எழுந்தது. சந்தோஷம் வரவில்லை. 'சனியனே, இன்னும் இருக்கியா' என்றுதான் வந்தது.

இருக்கிறது என்றே மெயில் போட்டேன். டீமின் வாட்ஸ்அப் குரூப்பிலும் சொன்னேன். குட்மார்னிங் படத்துக்குக் கைதட்டுகிறவர்கள், ஒருவர்கூடப் பதில் போடவில்லை. டோர்னமென்ட்டை வேறு ஊர் மைதானத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். என் இடத்தில் புதிதாக வந்த ஒருவனைச் சேர்த்திருந்தார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை, ஃபோட்டோ பார்த்துத்தான் தெரிந்தது.

மறுநாள் சாயங்காலமும் போனேன். குஞ்சு கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. கால் இரண்டும் லேசாக மேலே எழும்பின. "அவசரப்படாத, இன்னும் கொஞ்ச நாள் இரு" என்று வாய்விட்டே சொன்னேன். அதுவும் போய்விட்டால் ஆபீஸ் விட்டு நான் எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை.