செவ்வாய்க்கிழமை டிக்கெட்

வியட்நாமுக்குச் செவ்வாய்க்கிழமை டிக்கெட்தான் மலிவு. மற்ற நாட்களில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான்கு மாதம் தினமும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு மத்தியானம் வேலைக்கு நடுவில் பட்டென்று எடுத்துவிட்டேன். ரத்து செய்தால் பணம் திரும்பாது. தேதியும் மாற்ற முடியாது.

கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன விடுதியில் வரவேற்பு மேஜையில் உட்காருவது என் வேலை. வருகிற வெளிநாட்டுக்காரர்களின் பாஸ்போர்ட்டை வாங்கி, ஜெராக்ஸ் எடுத்துத் திருப்பித் தர வேண்டும். மெஷின் சூடாகும்வரை பக்கங்களைப் புரட்டி முத்திரைகளைப் பார்ப்பேன். என்னைவிடச் சின்னவர்கள்கூடப் பத்து நாடு பார்த்திருப்பார்கள். எங்கே தங்குவது மலிவு, எங்கே சாப்பாடு மலிவு என்று அவர்களிடமே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். முதல் பக்கத்தில் இருந்த பாரீஸ், விலை தெரிந்தபின் கடைசிப் பக்கத்துக்குப் போனது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் வெளிநாடு என்றால் பிரான்ஸ்தான். கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவே விசாரித்தது.

"பிரான்ஸுக்கா போற?"

"இல்ல, வியட்நாம்."

"அங்க இன்னா வேல?"

"வேல இல்ல. சும்மா பாத்துட்டு வரேன்."

"சும்மாவா!"

அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். "ஊர் சுத்தறதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதோடு விட்டுவிட்டார். விடாதது அம்மாதான். தினசரி காலண்டரைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"செவ்வாக்கெழம வடக்க சூலம்டா. மெட்ராஸு வடக்கதான இருக்குது? ஏரோப்ளேன்ல போற புள்ள, சூலத்துக்கு எதிராவா கெளம்புவ?"

தேதியை மாற்ற முடியாது என்று நான் சொல்ல, அவளே ஒரு வழி சொன்னாள். பரஸ்தானம். நாள் சரியில்லை என்றால், முந்தின நாளே நல்ல நேரத்தில் பையை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பை திரும்ப நம் வீட்டுக்குள் வரக் கூடாது.

செலவில்லாத பரிகாரம். உடனே ஒத்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலை, பக்கத்துப் பேட்டையான சாரத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் பையைக் கொண்டுபோனேன். அப்பாவின் அக்கா. மூன்று வருடம் அப்பாவோடு பேச்சே இல்லாமல் இருந்து, அந்த வருடப் பொங்கலுக்குத்தான் எங்கள் வாசல் மிதித்தவர். பையை வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, குங்குமம் இட்டார். எதையும் மறந்துவிடக் கூடாது என்று பாஸ்போர்ட்டையும் விசா தாளையும் நான் அந்தப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை எமகண்டம் முடியட்டும் என்று பத்தரை மணிக்குத்தான் அம்மா என்னைக் கிளம்ப விட்டாள். மாலை ஐந்துக்கு விமானம். நான்கு மணிக்குக் கவுண்டரை மூடிவிடுவார்கள். அப்பா வண்டியில் என்னை உட்காரவைத்துக்கொண்டு சாரம் போனார்.

அத்தை வீடு பூட்டியிருந்தது.

போன் போட்டேன். மணி அடித்தது, பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

"அத்தையத் தேடறியா? காலைலயே ரெண்டு பேரும் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்களே. மாமாவுக்குக் கண்ணு காட்டணுமாம். நீ சாயங்காலந்தான் வருவேன்னு சொல்லிக்கினு இருந்தாங்க."

விமானம் சாயங்காலம் என்று நான் சொன்னதை, நான் வருவதே சாயங்காலம் என்று அத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். எத்தனை மணிக்கு வருவேன் என்று நான் சொல்லவும் இல்லை.

"கதிர்காமம் போயிடலாம்பா."

"போயி? அந்தக் கூட்டத்துல எங்கன்னு தேடுவ?"

மணி பதினொன்று ஆகப் போகிறது. அம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் அழ ஆரம்பித்தாள். "பூட்ட மட்டும் ஒடைக்காதீங்கடா. போற நேரத்துல பூட்டு ஒடையக் கூடாது." அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பையை வைக்கச் சொன்னது மட்டும்தான் அவள். பாஸ்போர்ட்டை அதில் வைத்தது நான்.

அப்பா கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டியின் பெட்டியைத் திறந்து சுத்தியலையும் உளியையும் எடுத்தார்.

"அப்பா, அம்மா இன்னா சொல்லிச்சி…"

"பூட்ட யாரு ஒடைக்கறா? பூட்டு மாட்டற நாதாங்கியத்தான் எடுக்கறேன். பூட்டு பூட்டாவே இருக்கும்."

பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்துவிட்டார். "யோவ், ஆளில்லாத வீட்டுக் கதவப் பேக்கறியே! உன் அக்காவ எனக்குத் தெரியும். இந்த ஜென்மத்துக்கும் உன்னோட பேசாது."

அப்பாவின் கை ஒரு நொடி நின்றது. "தெரியும்மா," என்றார். அடித்தார். நாலாவது அடியில் மரம் பிளந்து, பூட்டு தொங்கியபடியே நாதாங்கி கையோடு வந்தது.

உள்ளே ஓடிப் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். வண்டியை எடுப்பார் என்று பார்த்தால், அப்பா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆட்டோல போ. கதவு தொறந்து கெடக்குது, நான் எப்படி வர்றது?"

"நீங்க எவ்ளோ நேரம்…"

"போடான்னா!"

சென்னை பஸ்ஸில் உட்கார இடமில்லை. திண்டிவனம் தாண்டும்வரை நின்றேன். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. பாஸ்போர்ட் இருக்கிறதா என்று வெளியிலிருந்தே அடிக்கொருதரம் தடவிப் பார்த்தேன். செங்கல்பட்டுக்கு முன்னால் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. பஸ் நகரவேயில்லை. நான் மணி பார்ப்பதைக் கண்ட கண்டக்டர், "தம்பி, நீ பாக்கறதால முள்ளு நிக்காது," என்றார். யாரோ சிரித்தார்கள்.

விமான நிலையத்துக்குள் நுழைந்தபோது நான்காக ஒன்பது நிமிடம். கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைத் திறந்து, ஒவ்வொரு வெற்றுப் பக்கமாகப் புரட்டினாள். "ஃபர்ஸ்ட் டைமா?" என்றாள். தலையாட்டினேன். போர்டிங் பாஸை நீட்டினாள்.

ஓரமாகப் போய் நின்று அப்பாவைக் கூப்பிட்டேன். எடுத்ததும் பின்னால் அத்தையின் குரல் தெருவுக்கே கேட்கிற மாதிரி இருந்தது.

"கெடச்சிட்டுதாடா?" என்றார் அப்பா.

"கெடச்சிட்டுதுப்பா. அத்தைகிட்ட குடுங்க, நான் சொல்றேன். தப்பு என்னுதுதான்."

"வேணாம். நீ போ."

அதற்குள் அத்தையே போனைப் பிடுங்கிவிட்டார்.

"ஏறிட்டியா?"

"இன்னும் இல்ல அத்த. ஏறப் போறேன். கதவு…"

"கதவப் பத்தி உன்ன யாரு கேட்டா? ஏறி உக்காந்துட்டு ஒரு போன் போடு. அப்பறம் வச்சிக்கறேன் உங்கப்பன."