வலம்புரி என்று சொல்லிவிட்டேன்

வண்ணார்பேட்டையில் கார், ஜீப் உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். பத்தாவதோடு படிப்பு நின்றுபோனவள். பில் போடுவதும் பேரிங் அளந்து கொடுப்பதும் என் பொறுப்பு. அளப்பது எனக்குப் பிடிக்கும். அளக்கும்போது யாரிடமும் பேச வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஆயுதபூஜை முடிந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. வெளியே தூறல். முதலாளி சரக்கெடுக்க மதுரைக்குப் போயிருந்தார். சொந்தமாக வாடகைக் கார் ஓட்டும் அண்ணாச்சி ஒருவர், துண்டில் பொதிந்த எதையோ பச்சைப் பிள்ளையைப் போல ஏந்தி வந்தார். பிரித்தால் டர்போ. புகை வெளியேறும் வேகத்தில் சுழன்று, என்ஜினுக்குள் காற்றைத் திணித்து, மேடேறும் தெம்பைக் கொடுக்கிற சாமான். பார்க்கப் பெரிய நத்தை மாதிரி இருக்கும்.

“எம்மா, இதே மாதிரி ஒண்ணு வேணும். வியாழக்கிழமை வண்டி மாஞ்சோலை ஏறணும்.”

அவர் மகளை அங்கே எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. வியாழக்கிழமை வளைகாப்பு. அந்த வாரத்தோடு ஏழாம் மாதம் முடிகிறது.

“எட்டு பொறந்துட்டா அனுப்ப மாட்டாவ. பஸ்ஸுல அந்தக் குலுக்கல்ல பிள்ளைய எப்பிடிம்மா கூட்டியாருவேன்? வேற வண்டிக்காரன் ஒருத்தனும் மலைக்கு வரமாட்டேங்கான்.”

அளவும் மாடலும் பொறித்த சின்னத் தகடு ஒன்று டர்போவில் ஒட்டியிருக்கும். அதைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் சந்தனப் பொட்டு. சுற்றிலும் மங்கலாக என் முகம்தான் தெரிந்தது.

“இதுல இருந்த நம்பர் எங்க அண்ணாச்சி?”

“நம்பரா? வருசா வருசம் ஆயுதபூசைக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன்லா. எப்பிடி மின்னுது பாத்தியளா!”

பிரேக் லைனிங் வாங்க வந்து நின்ற மெக்கானிக் சிரித்தார். “நல்லாத் தேய்ச்சீரு வே! சாமிக்குப் பளபளன்னு காட்டப்போயி அதோட சாதகத்தையே அழிச்சுப்புட்டீரே.”

அண்ணாச்சியின் முகம் சுருங்கிப்போயிற்று.

ஓட்டின் மேல் வார்ப்பிலேயே புடைத்த எண் ஒன்று இருந்தது. அது அச்சின் எண். ஒரே அச்சில் வார்த்த ஓட்டைப் பல அளவுக்குக் கடைவார்கள் என்பதால் அதை நம்ப முடியாது. அளவெடுக்கும் வெர்னியரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே இருக்கும் சின்னச் சக்கரத்தின் வாய் முப்பத்தெட்டு மில்லி, அடி ஐம்பத்திரண்டு. இதழ்கள் பன்னிரண்டு. புகை நுழையும் இரும்புப் பக்கத்தில் போல்ட் துளைகள் மூன்று.

விரலால் சுண்டினேன். இதழ்கள் ஒன்றாய்க் கலந்து, குறுக்குத்துறை ஆற்றில் படிக்கட்டு ஓரமாகச் சுழித்துப் போகிற தண்ணீர் போலத் தெரிந்தது. உவரிக் கடற்கரைக்குப் போனபோது சங்கைக் காதில் வைத்துக் கேட்டது நினைவுக்கு வந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் இதையும் காதருகே கொண்டுபோனேன். எங்கேயோ தூரத்தில் அலை அடித்தது. ரோட்டில் போன லாரியாகவும் இருக்கலாம்.

கோயம்புத்தூர்க் கடைக்குப் போன் போட்டேன். அளவுகளைச் சொன்னேன்.

“இந்த அளவுல ரெண்டு விதம் இருக்குதுங்க அம்மிணி. சக்கரம் எந்தப் பக்கம் சுத்துது?”

நான் இன்னும் கடலோரத்தில்தான் இருந்தேன்போல. “வலம்புரி” என்றேன்.

எதிர்முனையில் சிரிப்புக் கேட்டது. “சரிங்க, புரிஞ்சுது. இன்னைக்கு பஸ்ஸுல போட்டுடறேன்.”

அண்ணாச்சி நிம்மதியாகப் போனார். டர்போவை எடுத்துப் பெட்டியில் வைத்தேன். அப்போது அது புரண்டு, மறுபக்கம் என்னைப் பார்த்தது. அங்கிருந்து பார்க்க, சுழி இடப்பக்கம் திரும்பியது. சங்கைப் பிடிப்பது போலப் பிடித்ததில், இரும்புப் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்லியிருக்கிறேன். எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது கணக்கு என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

கால் மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை கேட்டால் என்ன நினைப்பார்? விவரம் தெரியாத பொம்பளையைக் கல்லாவில் உட்காரவைத்திருக்கிறார்கள் என்பாரே. தூறல் வலுத்தது. மலையில் இதைவிடப் பெரிதாகப் பெய்யும் என்று தோன்றியது. வேறு டர்போ வந்து சேர்ந்தால், அந்தப் பெண் எஸ்டேட் வீட்டின் வாசலில் பெட்டியோடு நின்று, மணிமுத்தாறு ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மறுபடியும் டயல் செய்தேன்.

“நான்தான்... வலம்புரின்னு சொன்னது தப்போன்னு... இரும்புப் பக்கமிருந்து பாத்துட்டேன்.”

“அட, காத்து உள்ள போற வாயிலிருந்துங்க பாக்கோணும்!”

“அப்படின்னா இடம்புரி.”

“நல்லவேளை, இன்னும் பார்சல் கட்டலைங்க.”

போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதில் அந்த அலைச் சத்தம் இருந்தது.

மறுநாள் வந்த டர்போ சரியாகப் பொருந்தியது. வியாழக்கிழமை சாயங்காலம் கார் கடை வாசலில் நின்றது. முன் இருக்கையில் அவர் மகள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்கள்.

“தேயிலை ஆபீஸ் வளைவுல கூட திணறலைம்மா” என்றார் அண்ணாச்சி. “தகட்ட இனிமே தேய்க்க மாட்டேன். பொட்டு மட்டுந்தான்.”

மகள் மடியிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். “உங்க அளவு என்னக்கா?”

தினமும் எத்தனையோ அளக்கிறேன், என் கையின் அளவு எனக்குத் தெரியாது. அவள் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து, விரல்களைப் பைய ஒடுக்கி, பச்சை வளையல்கள் இரண்டை ஏற்றிவிட்டாள்.

“ரெண்டே கால்” என்றாள்.