பனை பச்சையாகிவிட்டது என்று ஒரு புகார்

மரம் பச்சையாக இருக்கிறது என்று எனக்கு ஒரு புகார் வந்தது. வேளாண்மை படித்துவிட்டு துபாயில் ஒரு நர்சரியில் செடிகளுக்குப் பொறுப்பாக இருப்பவள் நான். பூச்சி, உப்புத் தண்ணீர், மணல்காற்று என்று எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன். பச்சையைக் குறையாகச் சொன்ன ஆட்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். ஒரு ஹோட்டல் வாசலில் பெரிய தொட்டிகளில் வரிசையாக விசிறிப்பனை வைத்துக் கொடுத்திருந்தோம். இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவின் பனை, நம் ஊர்ப் பனைக்குத் தூரத்துச் சொந்தம். கன்றாக இருக்கும்போது இலையும் மட்டையும் செக்கச்செவேல் என்றிருக்கும். வளர வளரச் சிவப்பு இறங்கி, சாம்பல் பூத்த பச்சைக்கு வந்துவிடும். அது நோயில்லை, வயசு. விற்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். எங்கள் நர்சரி மேனேஜர் கேட்டால்தானே?

"கஸ்டமர் சிவப்பு கேட்டான் மேடம், இப்ப பச்சையாயிடுச்சு. குவாலிட்டி சரியில்லைங்கறான்," என்றார். "பழசையெல்லாம் மெஷின்ல போட்டுத் தூளாக்கிட்டு, புதுசா சிவப்பு கன்னு வச்சிடுங்க. கலாஸ்."

"உங்க பையனுக்குப் பால்பல் விழுந்தப்ப, ஆஸ்பத்திரிக்குப் போய் வேற பையன் கேட்டீங்களா சார்?"

அவர் சிரித்தார்.

அந்தத் தீவில் கடலோரக் காட்டை அழித்துத்தான் கரும்பு போட்டார்கள். அந்தக் கரும்பை வெட்டக் கப்பலேற்றிக் கொண்டுபோனவர்களில் நம் ஆட்களும் உண்டு. இன்று அங்கே காட்டில் அந்தப் பனை அரிதிலும் அரிது. இங்கே தொட்டியோடு அதைத் தூக்கிச் சுமப்பதும் நம் ஆட்கள்தான். பாளை விட்டால்தான் ஆண் எது, பெண் எது என்று தெரியும். இரண்டும் அருகருகே இருந்தால்தான் காய். நிறம் மாறியதும் தூளாக்கிக்கொண்டே இருந்தால் வம்சம் எங்கிருந்து வரும்? இதைச் சொன்னால், "நாம என்ன காடா வளக்கறோம்?" என்று கேட்கிறார்கள்.

தொட்டிகளை எடுக்கப் போன அன்று தோட்டக்காரர்களில் மூத்தவரான தூத்துக்குடி அண்ணாச்சியிடம் சொன்னேன். "மெஷினுக்குப் போக வேண்டாம். வண்டியைக் கேம்ப்புக்கு விடுங்க."

"மேனேஜர் கேட்டா?"

"தூளாக்கியாச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

"என் வேலைக்கு வேட்டு வச்சிராதீங்க மேடம்," என்று சொல்லிக்கொண்டேதான் வண்டியை எடுத்தார்.

எங்கள் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பின் பின்பக்கம், வரிசையாக ஏசி சொட்டும் சுவரோரம் அவற்றை நட்டோம். முதல் கோடையில் சில கருகின. மீதி அந்தச் சொட்டுத் தண்ணீரிலேயே வேர் பிடித்தன. மட்டையில் ஈரப் பனியன் காயப்போட்டவர்களோடு நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. என்னைக் கண்டாலே, "பனைக்காரி வந்துட்டா" என்று துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள்.

ஹோட்டலில் அதற்குப் பிறகும் கன்று மாற்றினார்கள். பச்சையாவதும் தூக்குவதும் வழக்கமாகிவிட்டது. கேம்ப்பில் இடமில்லை. அவையெல்லாம் மெஷினுக்குத்தான் போயின.

பல வருடம் கழித்து முதல் பாளை வந்தது. விரல் விரலாக நீட்டிக்கொண்டு, ஆண். அடுத்ததும் ஆண். அதற்கடுத்ததும் ஆண் என்றால் எல்லாம் வீண் என்று நான் பொருமிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி போனில் கத்தினார். "மேடம், பொண்ணு! பொண்ணு மேடம்!" கராமா கடைத்தெருவில் ஜிலேபி வாங்கிக்கொண்டு ஓடினேன். கேம்ப்பில் பாதிப் பேருக்கு எதற்கு இனிப்பு என்றே தெரியவில்லை. சாப்பிட்டார்கள்.

இந்த வருடம் எலுமிச்சை அளவில் காய்கள் பழுத்தன. சதையைக் கழுவி, விதைகளை என் சமையலறையில் ஒரு முறத்தில் பரப்பி வைத்தேன். ஒவ்வொன்றிலும் யாரோ உட்கார்ந்து செதுக்கியது போல வரிகள். என் தங்கை பக்கத்து நாடான ஓமானில், சலாலாவில் நர்ஸ். அவள் வீட்டுப் பின்னால் இடம் இருக்கிறது, சீசனில் சாரலும் உண்டு. விதை அனுப்ப அனுமதி கேட்டு எழுதியிருந்தேன். அங்கே மரம் பச்சையானால் ஏன் என்று கேட்க ஆளில்லை.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன் செய்தார்.

"கேம்ப்ல நம்ம பனை காய்ச்சிருக்காமே! எனக்குத் தெரியாம வச்சிருந்தீங்களா? சரி, பரவாயில்ல விடுங்க. விதையெல்லாத்தையும் போட்டு விடுங்க மேடம். ஹோட்டலுக்கு இனிமே கன்னு வெளியில வாங்க வேணாம். பச்சையானா தூக்கிப் போட்டுட்டு வேற வச்சுக்கலாம், நம்மகிட்டதான் மரமே இருக்கே!"

எத்தனை சந்தோஷம் அந்தக் குரலில்! பெற்றவளையே கசாப்புக்கடைக்குப் பிள்ளை பெற்றுத் தரச் சொல்கிறான் மனுஷன். வாய்க்கு வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு, ரொம்பப் பணிவாகப் பதில் சொன்னேன்.

"காயா? யாரு சார் சொன்னது? அது வெறும் பாளை. எல்லாமே ஆண் மரம் சார். காய் மாஃபி, ஒண்ணுகூட இல்ல."

போனை வைத்துவிட்டு, முறத்திலிருந்த விதைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டேன்.