அண்ணனின் சக்கரங்கள்

அவனைத் தெருவில் எல்லோரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டி, காதோரம் நரைத்த பிறகும் அந்தப் பெயர் உதிரவில்லை. பெரியவன் என்று ஒருவன் இருந்தால்தான் சின்னவன் இருக்க முடியும். பெரியவன் செத்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. இவன் இன்னும் சின்னவன்தான்.

அண்ணன் விட்டுப்போன பிக்கப் வண்டியை அவன் ஓட்டினான். அண்ணன் அதில் செங்கல்லும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு, கட்டடம் எழும்புகிற இடங்களுக்குச் சேற்றில் இறங்கிப் போய் வந்தவன். அதற்காகவே கட்டை கட்டையாக ரப்பர் பட்டன் வைத்த மண் டயர்களைப் போட்டிருந்தான். சேற்றில் அவை பிடித்தால் உடும்புப் பிடி. தார் ரோட்டிலோ ஓயாமல் முனகும். பின்பக்க டயர் ஒன்றில் ஒரு பட்டன் பிய்ந்திருந்ததால் முனகலுக்கு நடுவே ஒரு சின்ன இடறல் கேட்கும், யாரோ மூச்சு வாங்குவது போல. வண்டி மெயின் ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்புவதற்கு முன்பே அந்தச் சத்தம் வீட்டுக்குள் வந்துவிடும்.

அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், முகம் தெரியாது. காது மட்டும் படு கூர்மை. சாயங்காலம் அந்த முனகல் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவாள்.

"பெரியவன் வந்துட்டான். தட்டை எடுத்து வைடி."

மருமகள், சின்னவனின் மனைவி, ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். "அத்தை, வர்றது உங்க சின்ன மகன்."

"தெரியும். நான் என்ன புத்தி கெட்டவளா?"

மறுநாளும் பெரியவன்தான் வருவான். அம்மா பெரியவனின் உடலைத் தொட்டுப் பார்த்தவள். கட்டட வேலை நடந்த இடத்துக்கு வெளியே, வண்டியை ஓரமாக நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடியே அவன் போய்ச் சேர்ந்த கதையைத் துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவளேதான் சொன்னாள். அப்படியிருக்க, அவன் வருவதாக அவள் நம்பினாளா, அல்லது சும்மா சொல்லிக்கொண்டாளா? மருமகளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம் குறுகலானது என்று நினைக்கிறோம். அங்கேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவன் உள்ளே வந்து உட்காருவான். அண்ணனுக்குப் பிடித்தபடி காரம் தூக்கலாகப் போட்ட குழம்பைச் சாப்பிடுவான். அம்மா அவன் முதுகைத் தடவி, "இளைச்சுட்டே பெரியவனே" என்பாள். அவன் அண்ணனைவிட இரண்டு சுற்றுப் பெருத்தவன். மனைவி அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பாள். அவனுக்குச் சிரிப்பு வராது.

மனைவியிடம் அவன் அதைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். "ஒரு நாளைக்காவது நான் வீட்டுக்கு வரணும். சின்னவன் வந்துட்டான்னு அவங்க வாயால வரணும். அது போதும்."

செங்கல் வேலை அண்ணனோடு போயிற்று. இவனுக்குக் கிடைத்தது ஜன்னல் கண்ணாடி ஏற்றும் வேலை. கண்ணாடிக்கடை முதலாளி வாய்த்துடுக்கானவர். "உன் வண்டில ஏத்தினா கண்ணாடிக்குக் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்குதுய்யா. டயரை மாத்து, இல்ல என் கடைப் பக்கம் வராதே" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். அவனுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. கிடைத்துவிட்டது.

டயர்க்கடைக்காரர் அண்ணனுக்குக் கூட்டாளி. வண்டியைச் சுற்றி வந்து, பிய்ந்த பட்டனை விரலால் தடவினார்.

"இன்னும் நல்லாத்தான் இருக்கு. எதுக்கு மாத்தறே?"

"கண்ணாடி ஏத்தறேன். தார் ரோடுதான். சத்தம் போடாத டயரா குடுங்க. ரிம்மும் மாத்தணும். பதினேழு இஞ்ச் போடுங்க."

"மாப்பிள்ளை ஊர்வலத்துக்கா? ரிம் பெருசாக ஆக டயரோட பக்கச்சுவர் குட்டையாயிடும். பள்ளத்துல விழுந்தா அடி நேரா கண்ணாடிக்குத்தான் போகும். இப்ப இருக்கறது பதினஞ்சு. அதுவே போதும்."

"இந்த ரிம் வேணாம்ணே."

அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "அப்ப பதினாறோட நிறுத்திக்க. மொத்த உயரம் பழைய டயர் அளவுக்கே வர்ற மாதிரி பார்த்துப் போடறேன். உயரம் கூடிச்சுன்னா ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், நீ மெதுவாப் போறதா நெனச்சுக்கிட்டு வேகமாப் போவே. சுமை தாங்கற டயராத்தான் தருவேன், சொகுசுக் கார் டயர் தரமாட்டேன்."

"லைட்டும் மாத்துங்க. இந்த மஞ்சள் வெளிச்சம் வேணாம்."

"டயர் வேணாம், ரிம் வேணாம், லைட் வேணாம். வண்டியாவது வேணுமா?"

வேலை முடிய மத்தியானம் ஆனது. பழைய டயர்கள் ரிம்மோடு சுவரோரம் சாய்ந்து நின்றன. ஒரு செங்கல் சூளைக்காரன் அவற்றைக் கேட்டுக்கொண்டிருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். "குடுத்துடுங்க" என்றான். புது விளக்குகளுக்காக வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, வெளிச்சத்தின் மேல்கோடு தாழ்ந்து விழும்வரை அவர் திருகிக்கொண்டே இருந்தார். "எதிர்ல வர்றவன் கண்ணைப் பிடுங்கறதுக்கா லைட்டு?"

அன்று சாயங்காலம் அவன் தெருவுக்குள் நுழைந்தபோது வண்டி பூனை மாதிரி வந்தது. வெள்ளை வெளிச்சம் ஜன்னல் வழியாக முன்னறைச் சுவரில் விழுந்தது.

"யாரது டார்ச் அடிக்கறது?" என்றாள் அம்மா. "போலீஸா?"

அவன் உள்ளே வந்து அவள் தோளைத் தொட்டான். அம்மா திடுக்கிட்டாள்.

"நான்தாம்மா."

"சின்னவனா? எப்படா வந்தே? சத்தமே இல்லையே."

அவன் கேட்க விரும்பியது ஏறக்குறைய வந்துவிட்டது. அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். மனைவி தட்டைக் கொண்டுவந்தாள்.

"இருடி," என்றாள் அம்மா. "அண்ணன் வரட்டும். அவன் வராம இவன் என்னைக்குச் சாப்பிட்டிருக்கான்?"

அன்று முதல் அந்த வீட்டில் காத்திருப்பு தொடங்கியது. முன்பெல்லாம் பெரியவன் தினமும் வந்து சாப்பிடுவான், கணக்குத் தீர்ந்த மாதிரி அம்மா தூங்கிவிடுவாள். இப்போது அவன் வருவதில்லை. அம்மா நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடச் சொன்னாள். சின்னவனைச் சின்னவன் என்றே கூப்பிட்டாள். வேலை எப்படி என்று கேட்டாள், சட்டையில் பொத்தான் போயிருப்பதை விரலால் கண்டுபிடித்தாள். அவனுக்கு வேண்டியதெல்லாம் கிடைத்தது. ஆனால் பேச்சுக்கு நடுவே நடுவே அவள் தலை ரோட்டுப் பக்கம் சாயும். அப்போது அவனும் பேச்சை நிறுத்திவிட்டு என்னவென்று தெரியாத ஒன்றுக்குக் காதுகொடுப்பான்.

பிறகு ஒரு சாயங்காலம் அது கேட்டது.

முதலில் கேட்டவள் மனைவிதான். கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. மெயின் ரோட்டில், தூரத்திலிருந்து, அந்த முனகல். நடுவே அந்த இடறல், மூச்சு வாங்குவது போல. பழைய டயர்கள் இப்போது சூளைக்காரனிடம் இருப்பது நன்றாகத் தெரிந்திருந்தும் சின்னவன் வாசலைப் பார்த்தான்.

அம்மா எழுந்துவிட்டாள். முகம் மலர்ந்திருந்தது. "வந்துட்டான். தட்டை எடு, தட்டை எடு."

சத்தம் நெருங்கியது. தெருமுனைக்கு வந்தது. திரும்பவில்லை. அதே வேகத்தில் கடந்து, தேய்ந்து, இல்லாமல் போனது.

அம்மா நின்றுகொண்டே இருந்தாள்.

"தாண்டிப் போறானே," என்றாள். "வீட்டைத் தாண்டிப் போறான். ஏண்டா?"

அவன் அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா? நீ ஏதாவது சொன்னியா அவன்கிட்ட?"

"அம்மா, அது வேற யாரோ..."

"எனக்குத் தெரியாதா என் புள்ளை வர்ற சத்தம்?" குரல் உடைந்திருந்தது. அவன் இருந்த பக்கம் கையை நீட்டித் துழாவி, சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "சின்னவனே, என் ராசா, நீதாண்டா நல்லவன். எது நடந்திருந்தாலும் விட்டுடு. போய் அவனைக் கூட்டிட்டு வா."

அந்தப் பெயரை அவள் இவ்வளவு கனிவாகச் சொல்லி அவன் வாழ்நாளில் கேட்டதில்லை.

மனைவி வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான். வண்டியைக் கிளப்பி, இரண்டு பக்கக் கதவுக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, மெயின் ரோட்டில் ஏறி, அந்தச் சத்தம் போன திசையில் திருப்பினான். அவன் வண்டி எந்தச் சத்தமும் போடவில்லை. அதனால் முன்னால் எங்காவது அந்த முனகல் எழுந்தால், தவறாமல் அவனுக்குக் கேட்கும்.